சீகிரியாக் குன்றும் முதல் விமானி உத்தியோகமும்

சீகிரியாவுக்குச் செல்வோரின் கண்கள் குன்றைவிட்டு அகலுவதில்லை. மாத்தளையிலிருந்து நாலந்தை, தம்புள்ளை வழியாக வடக்கே சென்று, இனாமலுவைச் சந்தியிலே கிளைப் பாதையிற் புகுந்ததும், காட்டு மரங்களுக்கு மேலே அந்தச் செம்பாறை திடீரெனத் தலைகாட்டுகின்றது. அதன் பின்னர் காசியப்பனின் அரண்மனை, சுவரோவியப் பெண்கள், சிங்கத்தின் பாதங்கள் என்று பேச்சு முழுவதும் ஐந்தாம் நூற்றாண்டுக்குப் போய்விடுகின்றது. குன்றுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு விமானத் தளம் இருக்கின்றது என்பதை அறியாமலே திரும்பிவிடுவோர் பலர்.

இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த தளம் அது. 160-ம் இலக்கப் படையணியின் நான்கு எஞ்சின் 'லிபரேற்றர்' விமானங்கள் 1943-ம் ஆண்டிலும் 1944-ம் ஆண்டிலும் இங்கிருந்தே வங்காள விரிகுடாவுக்கு மேலே நெடுந்தூரம் பறந்து சென்றன. இன்று அது இலங்கை விமானப் படையின் பொறுப்பில் உள்ளது. கட்டுநாயக்காவிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிவரும் சிறு விமானங்களும் இங்கே இறங்குவதுண்டு. விமானி உத்தியோகத்துக்கு முதன்முறையாக நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருக்கும் இளைஞர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும், இத்தளத்தையும் இக்குன்றையும் வைத்தே சில செய்திகளைக் கூறலாம் என எண்ணுகின்றோம்.

விமானி ஆவதற்கு ஆகும் செலவை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காணியை ஈடு வைத்தவர்களும், பெண்ணின் நகையைப் பையனின் படிப்புக்கு மாற்றியவர்களும் நம்மிடையே உளர். குறைந்தது 200 மணி நேரம் பறந்து (அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சி நெறியாயின் 150 மணி), எழுத்துப் பரீட்சைகளிலே தேறி, முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழும் பெற்ற பின்னரே வணிக விமானி அனுமதிப்பத்திரம் கைக்கு வருகின்றது. மேகத்துக்குள்ளே கருவிகளை மாத்திரம் நோக்கிப் பறப்பதற்கான தகுதியை அதன்மேற் பெறவேண்டும். இத்தனையும் முடிந்து ஒரு விமானக் கம்பனியிலிருந்து அழைப்பு வரும் நாளிலே வீடு முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்கின்றது: "என்ன கேட்பார்களாம்?"

உடனே வினாவிடைக் கொத்துகளைத் தேடி ஓட்டம் தொடங்குகின்றது. மூத்த மாணவர்கள் குறித்து வைத்த தாள்கள் கைமாறுகின்றன. பையன் அவற்றை உருப்போடுகின்றான். தங்கை தாளைப் பிடித்துக்கொண்டு ஒப்புவிக்கக் கேட்கின்றாள். இது வீண் வேலை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பரீட்சைக் குழுவிலே அமர்ந்திருக்கும் கப்டன்மார் தாங்கள் கேட்கும் வினாவுக்கான விடையை முன்னரே அறிந்தவர்கள். அதை இவன் வாயாற் கேட்பதனால் அவர்களுக்குப் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. 'நடுநிசியிலே, கெட்ட வானிலையிலே, என் பக்கத்து ஆசனத்தில் இவன் இருந்தால் எனக்கு ஆறுதலா, பாரமா?' என்பதே அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வினா.

இதனை விளக்க ஒரு கணக்கைப் பார்ப்போம். கட்டுநாயக்காவிலிருந்து சீகிரியாவுக்கு நேர்வழித் தூரம் ஏறத்தாழ 68 கடல் மைல். மணிக்கு 160 கடல் மைல், அதாவது 160 'நொட்' வேகத்திற் செல்லும் சிறு விமானத்துக்கு எத்தனை நிமிடம் ஆகும்? காகிதமும் கருவியும் இன்றி மனத்தாற் கணித்து, 25 நிமிடத்துக்குச் சற்று மேல் என்று சொல்லவேண்டும். 20 நொட் எதிர்க்காற்று வீசினால்? அப்பொழுது 29 நிமிடம். வடகிழக்கு நோக்கி 5,500 அடி உயரத்திற் செல்கிறாய். தளத்துக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் வந்து சேர வேண்டும். எங்கே இறங்கத் தொடங்குவாய்? தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே 1,600 அடிக்கு இறங்க வேண்டும். இழக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 4,000 அடி. ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்ற விமானிகளின் வாய்பாட்டின்படி 12 மைலுக்கு முன்னே இறங்கத் தொடங்கினால் நிமிடத்துக்கு 900 அடிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் இறங்கலாம். நன்கு பயின்ற மாணவன் இவ்வளவையும் தடையின்றிச் சொல்லிவிடுவான். குழுவினரும் தலையசைப்பர்.

அடுத்து ஒருவர் மெல்லக் கேட்கலாம்: "நல்லது. 1,600 அடியில் தளத்தைச் சுற்றி வருகிறாய். கிழக்கே என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்வியில்தான் பரீட்சை தொடங்குகின்றது. சீகிரியாக் குன்று சூழ்ந்திருக்கும் நிலத்திலிருந்து ஏறத்தாழ 600 அடி எழும்பி நிற்பது. அதன் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,200 அடி. அப்படியானால் இவன் சொன்ன 1,600 அடியிலே குன்றின் மேலாகப் போனால் பாறைக்கும் விமானத்துக்கும் இடையில் மிஞ்சுவது 400 அடியே. கண்ணாற் கண்டு பறக்கும் விதிகளின்படி, இறங்கும்போதும் ஏறும்போதும் அன்றி, எந்தத் தடைக்கும் மேலே குறைந்தது 500 அடி விலகி நிற்கவேண்டும். திறந்த வெளியிலே மக்கள் கூடியிருக்கும் இடமாயின் 1,000 அடி. குன்றின் உச்சியிலோ உல்லாசப் பிரயாணிகள் கூட்டமாக நிற்கின்றனர். கணக்கிலே பிழையில்லை, ஆனால் கணக்குப் போட்டவன் படத்தைப் பார்க்கவில்லை. குன்றில்லாத மேற்குப் பக்கமாகச் சுற்றி வருவேன் என்றோ, எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என அத்தளத்துக்குரிய வெளியீட்டிற் பார்த்துவிட்டே புறப்படுவேன் என்றோ சொல்பவனுக்கே அங்கு மதிப்பு.

வெப்பத்தையும் சேர்த்துக் கேட்பதுண்டு. நியம வளிமண்டலத்திற் கடல்மட்ட வெப்பநிலை 15 பாகை. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 பாகை குறையும். 600 அடியில் ஏறக்குறைய 14 பாகை இருக்க வேண்டும். சித்திரை மாதத்துப் பகலிலோ 33 பாகை. மிகையாகவுள்ள ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி வீதம் கூட்டினால், அன்று அந்த விமானம் 2,900 அடி உயரத்து மெல்லிய காற்றில் நிற்பது போலவே நடந்துகொள்ளும்; ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடும்; மெதுவாக ஏறும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி மழை திரள்வது இப்பகுதியின் இயல்பு. எரிபொருளிலே கடைசிச் சேமிப்பாக 30 நிமிடத்துக்கு உரியதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மழை முகில் தளத்தை மூடிவிட்டால் எத்தனை நிமிடம் காத்திருப்பாய், எப்பொழுது திரும்புவாய், எங்கே போவாய் என்று கேட்டால், 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற மறுமொழி போதாது. மாணவர்கள் தத்தம் ஊருக்கு அண்மையிலுள்ள தளத்தை எடுத்து இவ்வாறே கணக்கிட்டுப் பழகலாம். பலாலி என்றால் கடலும் காற்றும். இரத்மலானை என்றால் நகரமும் நெரிசலும். அச்சிட்ட வினாவிடையைக் காட்டிலும் இது பன்மடங்கு பயன் தரும்.

குன்றைப் பற்றிய இக்கேள்வி வெறுஞ் சாதுரியத்துக்காகக் கேட்கப்படுவதன்று. 1974-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின் ஏர் கம்பனியின் டி.சி.-8 விமானம், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை. விமானத்திற் கோளாறு இருக்கவில்லை. தாங்கள் கட்டுநாயக்காவை அண்மிவிட்டதாகக் கருவிகளைக் கொண்டு கருதிய விமானிகள், உண்மையில் மலைநாட்டுக்கு மேலே இருந்தபோதே இருளில் இறங்கிவிட்டனர். தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்களுக்கு அம்மலை நன்கு தெரிந்தது. இந்நாட்டில் விமானியாக விரும்பும் ஒருவன் இவ்விபத்தை அறியாதிருத்தல் ஆகாது. 'நான் எங்கே இருக்கிறேன் என்று நினைக்கிறேன்' என்பதும், 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஆசனத்தில் மற்றொரு விமானியை வைத்திருப்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

இனி நம் குடும்பங்களைப் பொறுத்தமட்டில் மிக முக்கியமானதென நாம் கருதும் விஷயத்துக்கு வருகிறோம்.

1978-ம் ஆண்டு டிசம்பர் 28-ம் தேதி அமெரிக்காவிலே போர்ட்லண்ட் நகருக்கு அண்மையில் யுனைட்டட் கம்பனியின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற கவலையிலே கப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைந்து வருவதை உடனிருந்தோர் அறிந்திருந்தனர், சொல்லியும் இருந்தனர். ஆனால் மேலதிகாரியின் கவனத்தைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளின் பின்னரே, 1979-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய 'நாசா' ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. விமானி அறையில் இருப்போர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசவேண்டும் என்பதே தனிப் பாடமாகியது. இன்று உலகெங்கும் கம்பனிகள் இதனைப் போதிக்கின்றன; நேர்முகப் பரீட்சையிலும் சோதிக்கின்றன.

கேள்வி பெரும்பாலும் இவ்வாறு வரும்: "முப்பது ஆண்டு அனுபவமுள்ள கப்டன். நீ சேர்ந்து மூன்று வாரம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது இறங்கக்கூடாத எல்லைக்குக் கீழே அவர் இறங்குகிறார். நீ என்ன செய்வாய்?"

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவே. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று நாம் வளர்த்திருக்கிறோம். மாமா சொல்வது பிழையென்று தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள் என்றே பழக்கியிருக்கிறோம். அந்தப் பணிவு நல்லதே. ஆனால் விமானி அறைக்குள் அதை அப்படியே கொண்டுபோனால் ஆபத்து. "ஐயா அனுபவசாலி, அவருக்குத் தெரியாததா?" என்ற பொருள்படப் பேசும் பிள்ளையைக் குழு ஏற்காது. வேறு சிலர் எதிர்ப் பக்கத்துக்குப் பாய்ந்து, "உடனே கட்டுப்பாட்டை நானே பிடுங்கிக்கொள்வேன்" என்று வீரம் பேசுவர். அவர்களையும் குழு அஞ்சும். முதலில் அளவைச் சொல். 'எல்லை' என்று உரக்கச் சொல். மறுமொழி இல்லையேல், 'கப்டன், நாம் மேலெழும்ப வேண்டும்' என்று தெளிவாகச் சொல். அதற்கும் அசையாவிட்டால் மாத்திரம் கம்பனி விதித்த முறைப்படி விமானத்தைக் கையேற்று மேலெழுப்பு. படிப்படியான இந்த உறுதியும், அதனுள் மாறாத மரியாதையுமே எதிர்பார்க்கப்படுவன.

இதைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு மனப்பாடம் செய்ய இயலாது. வீட்டிலே, சாப்பாட்டு வேளையிலே, "அப்பா, நீங்கள் சொன்ன கணக்கிலே ஒரு பிழை இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளும் தகப்பனார், பணம் செலவழித்துச் சேர்க்கும் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் ஈடாவார்.

சீகிரியாவின் கதையிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. காசியப்பன் இறுதிப் போரிலே யானைமீதிருந்து படை நடத்தியபோது எதிரே சதுப்பு நிலம் தென்பட்டதாம். வேறு வழியாகச் செல்ல யானையைத் திருப்பினானாம். அரசன் புறமுதுகிட்டான் என்று கருதிய சேனை சிதறி ஓடிற்று என்று சூளவம்சம் கூறுகின்றது. திரும்பியது சரியான முடிவே. ஏன் திரும்புகிறேன் என்பதை அவன் எவருக்கும் சொல்லவில்லை. சிமுலேட்டர் என்னும் பறப்புப் போலி யந்திரத்தில் பரீட்சிக்கும்போது குழுவினர் கூர்ந்து நோக்குவதும் இதையே. ஏறு, திரும்பு, கருவிகளின் துணையோடு இறங்கு என்பன போன்ற எளிய காரியங்களையே அங்கே செய்யச் சொல்வர். இடையில் ஓர் எஞ்சினை நிறுத்தியும் வைப்பர். முதலில் விமானத்தை நேரே பறக்கவை, பின் எங்கே போகிறாய் என்று பார், அதன்பின் பேசு என்பது பழைய பாடம். முதல் முயற்சியிற் கோணலாகப் போனாலும், சொன்ன திருத்தத்தை ஏற்று இரண்டாம் முறை செம்மையாகச் செய்பவனை அவர்கள் குறித்துக்கொள்கின்றனர். பயிற்றக் கூடியவன்தானா என்பதே அவர்களுக்கு வேண்டியது.

'தெரியாது' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடப் பரீட்சையில் வெறுந்தாளை விட்டால் புள்ளியில்லை. ஆகவே எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் நம் மாணவர்களுக்கு உண்டு. இங்கே அது கேடு. "அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, இன்ன கைந்நூலில் இருக்கும், பார்த்துச் சொல்வேன்" என்பது முழு விடையாகவே கொள்ளப்படும். எல்லாவற்றுக்கும் அவ்வாறே சொல்பவனை யாரும் எடுக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துக் கூறிவிடுகிறோம்!

பாஷையைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது அதிகம். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் திறமையை ஆறு படிகளாக வகுத்துள்ளது; 2008-ம் ஆண்டு முதல் சர்வதேசப் பறப்புக்கு நான்காம் படியாவது இருக்கவேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், விளங்கிக்கொள்ளல், உரையாடல் என்ற ஆறையும் பார்க்கின்றனர். சீமையிற் பிறந்தவர்போலப் பேசவேண்டும் என்பது இதன் கருத்தன்று. தமிழ் வாடை வீசும் ஆங்கிலம் குற்றமாகாது. கேட்போருக்குப் புரியாமற்போவதே குற்றம். விரைந்து பேசினால் கெட்டிக்காரன் என்று நினைப்பார்கள் என எண்ணி, மூச்சுவிடாமற் பேசும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள்.

குழுவினர் முதலிற் புரட்டுவது விமானியின் பறப்புப் பதிவேடு. சீகிரியாவிற் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த யாத்திரிகர்கள் தாம் கண்டதைப் பாட்டாக அதிலே கீறி, பலர் தம் பெயரையும் ஊரையும் பொறித்துச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து 1956-ல் வெளியிட்டார். ஒரு வரி எழுதினால் எத்தனை காலத்துக்குப் பின்னும் ஒருவர் அதைப் படித்து எழுதியவனை அளந்துவிட முடியும் என்பதற்கு அச்சுவர் சாட்சி. பதிவேட்டிலே மூன்று மணியை நான்காக எழுதியவனும் ஒருநாள் அகப்பட்டுக்கொள்வான். அன்றோடு அவன் பறப்பு முடிந்தது. கூட்டுத்தொகையை ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்த்து, திருத்தம் இருந்தால் ஒரு கோட்டினால் வெட்டி ஒப்பமிட்டு வையுங்கள். எந்த நாளில் எங்கே பறந்தாய், அன்று என்ன நேர்ந்தது என்று ஏதேனும் ஒரு வரியைச் சுட்டிக் கேட்பதுண்டு. தான் செய்த பிழையொன்றைச் சொல்லும்படியும் கேட்பார்கள். அப்பொழுது பயிற்றாசிரியர்மீது பழிபோடாமல், நடந்ததையும் கற்றதையும் சுருக்கமாகச் சொல்வதே அழகு.

பெண் பிள்ளைகளுக்கு வழியில்லை என்று எண்ணும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அலகாபாத்திலே பறக்கப் பயின்று 1940-களின் பிற்பகுதியில் வணிக அனுமதிப்பத்திரம் பெற்ற பிரேம் மாத்தூர் அம்மையாரை, பெண் என்பதால் எட்டுக் கம்பனிகள் மறுத்தன என்பர். ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் கம்பனியே அவருக்கு ஆசனம் கொடுத்தது. இந்தியாவின் முதல் வணிக விமானி மாது என்று இன்று அவர் போற்றப்படுகின்றார். எட்டு முறை கதவு அடைபட்டவர் ஒன்பதாவது கதவைத் தட்டியபோது எவ்வளவு மனத்திடம் வேண்டியிருக்கும்! அந்நாளிலே ஆயத்தம் என்ற சொல்லுக்கு அதுவும் பொருளாயிருந்தது.

தோல்விக்கும் ஆயத்தம் வேண்டும். முதல் நேர்முகத்திலேயே தேறுவோர் பலரல்லர். சில கம்பனிகள் குறித்த காலம் கழிந்தே மறுபடி விண்ணப்பிக்க விடும். அக்காலத்திலே பறப்பை அறவே விட்டுவிட்டால் கை மறந்துபோகும். சிறு விமானத்திலேனும் மாதம் சில மணி பறப்பதும், பயிற்றாசிரியர் தகுதி பெற்றுப் பிறருக்குக் கற்பிப்பதும் பலர் கையாண்ட வழிகள். வீட்டார் அந்த மாதங்களிலே "என்ன ஆயிற்று?" என்று நாள்தோறும் கேளாதிருந்தாற் போதும்.

பரீட்சைக்கு முதல்நாள் செய்யவேண்டியவை சில உள. அனுமதிப்பத்திரம், வைத்தியச் சான்றிதழ், பதிவேடு, கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை ஓர் உறையிலும், நிழற்பிரதிகளை மற்றோர் உறையிலும் வையுங்கள். வைத்தியச் சான்றிதழ் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டோருக்கு அது பன்னிரண்டு மாதமே செல்லும். அந்தக் கம்பனி எவ்வகை விமானங்களை வைத்திருக்கிறது, எங்கெங்கே பறக்கிறது என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் அன்றைய வானிலை அறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள், "வரும் வழியில் வானம் எப்படி இருந்தது?" என்று உபசார வார்த்தைபோலக் கேட்டே பேச்சைத் தொடங்கும் கப்டன்மாரும் இருக்கின்றனர்.